பரண் ஸ்டவ்வும் பாடபேதமும்

நெய்வேலி நகரியத்தில் பணி ஓய்வு பெற்றோர் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் காலத்தில் பரணிலிருந்து இறக்கப்படும் பொருள்களுள், சாமான் ஏற்றுவோருக்கு இடைஞ்சலையும் குடும்பத்தாருக்கு விவாதத்தையும் ஒருசேரத் தருவதில் பித்தளைப் பம்ப் ஸ்டவ்வுக்கு நிகரானது வேறில்லை. பம்ப் ஸ்டவ் என்பது, தொட்டியில் உள்ள மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தால் மேலே தள்ளி, பர்னரின் சூடேறிய குழாய்களில் அதை ஆவியாக்கி, நிப்பிள் எனப்படும் மிகச் சிறு துளையின் வழியே பீச்சச் செய்து எரிக்கும் அடுப்பாகும். திரி இல்லாமையால் புகையும் கரியும் குறைவு. அவ்விரண்டிலும் மிச்சம் பிடித்ததை அது சத்தமாகச் செலவழித்துவிடும் என்பதை, விடியற்காலைக் காபிக்காக எழுப்பப்பட்ட தலைமுறை நன்கு அறியும்.

இவ்வாறு இறக்கப்பட்ட ஸ்டவ் எரிவதில்லை என்பது தெரிந்த மறுகணமே வீட்டில் இரு கட்சிகள் தோன்றுகின்றன. அந்த ஒரே ஸ்டவ்வை அது பாத்திரக்கடையிலிருந்து வந்த நாளில் இருந்த நிலைக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்போரை மீட்புக் கட்சியினர் என்றும், அதன் தொட்டியையும் சித்தப்பா வீட்டு ஸ்டவ்வின் பர்னரையும் பழைய பாத்திரக்காரரிடம் கிடைத்த மூன்று கால்களையும் சேர்த்து எரியும் ஸ்டவ் ஒன்றைச் செய்துகொண்டால் போதும் என்போரைக் கூட்டுக் கட்சியினர் என்றும் இக்கட்டுரை வழங்குகிறது.

தமிழ்ப் புலமை உலகுக்கு இந்த வழக்கு புதிதன்று. ஓர் ஏட்டுப் பிரதியை அதில் உள்ளவாறே அச்சிடுவதா, பல பிரதிகளை ஒப்பிட்டு நல்ல பாடங்களைத் தேர்ந்து நூலை அமைப்பதா என்னும் கேள்வியைப் பதிப்பாசிரியர்கள் எதிர்கொண்டு நெடுங்காலம் ஆகிறது. 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே.சாமிநாதையர் பல ஊர்களிலிருந்து பிரதிகளைத் திரட்டி ஒப்பிட்டே அதைப் பதிப்பித்தார். அளவுகோல் இதுவாயின் உ.வே.சா. கூட்டுக் கட்சியின் பக்கமே நிற்பார். மீட்புக் கட்சியார் இதற்குச் சொல்லும் மறுப்பும் புறக்கணிக்கத் தக்கதன்று: பல பிரதிகளும் ஒரே புலவரின் ஒரே நூலுக்கு உரியவை, சித்தப்பா வீட்டுப் பர்னரோ வேறொரு கம்பெனியின் ஆக்கம், ஆகவே அது பாடபேதம் அன்று, இடைச்செருகல்.

இந்த மறுப்பு நிற்குமா என்பதை அடுப்பின் வரலாற்றைக் கொண்டே சோதிக்கலாம். சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் 1892ஆம் ஆண்டளவில் பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பே நம் வீட்டுப் பம்ப் ஸ்டவ்வின் மூதாதை. 1911இல் தென்துருவத்தை அடைந்த அமுண்ட்சென் குழுவோடும், 1953இல் எவரெஸ்ட் ஏறிய ஹில்லரி, டென்சிங் குழுவோடும் பிரைமஸ் சென்றது. அதே குடும்பத்தின் கையடக்க வடிவங்கள்தாம் மேலைநாட்டார் மலையேற்றத்துக்கும் கூடாரத் தங்கலுக்கும் எடுத்துச் சென்ற, இன்று ஆர்வலர்கள் தேடிச் சேர்க்கின்ற முகாம் அடுப்புகள். தமிழ்நாட்டார் கூடாரம் அடித்துத் தங்கும் வழக்கம் குறைவாயினும், ராமேசுவரத்துக்கும் சபரிமலைக்கும் பஸ் பிடித்துப் போன குழுக்கள் வழியில் புளியமரத்தடியில் ரவா உப்புமா கிண்டியது இந்த ஸ்டவ்வின் மேல்தான் என்பதால், முகாம் அடுப்பு என்ற பட்டத்தை நம்முடையதற்கு மறுக்க வழியில்லை.

இங்கே கவனிக்கத் தக்கது பிரைமஸின் புகழைவிட அதன் மரை. மரை என்பது திருகிப் பொருத்துவதற்காக உலோகத்தில் வெட்டப்படும் சுருள் பள்ளம். பிரைமஸ் நன்றாக விற்றதும் சுவீடனிலும் இங்கிலாந்திலும் போர்ச்சுகலிலும் பிறகு இந்தியாவிலும் அதைப் பின்பற்றி ஸ்டவ் செய்தவர்கள், உதிரிப்பாகம் எளிதில் விற்க வேண்டும் என்ற வணிகக் கணக்கில், பெரும்பாலும் அதே அளவு மரையையே வெட்டினர். ஒரு கம்பெனியின் நிப்பிள் மற்றொரு கம்பெனியின் பர்னரில் பல நேரம் சரியாக உட்காருவதற்கு இதுவே காரணம். தம்முள் வழக்காடிய கம்பெனிகள் மரையளவில் உறவாடியபடியால், இடைச்செருகல் என்ற குற்றச்சாட்டு முதல் விசாரணையிலேயே பாதி வலுவிழந்துவிடுகிறது.

மீதிப் பாதியை மீட்புக் கட்சியாரின் நடைமுறையே இழக்கச் செய்கிறது. அசல் பர்னர் வெடிப்பு விட்டிருந்தால் அவர்கள் என்ன செய்கின்றனர்? அதே கம்பெனியின், அதே வகையைச் சேர்ந்த, இன்னும் ஓரளவு நல்ல நிலையில் இருக்கும் ஸ்டவ் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி, அதைக் கழற்றி, அதன் பர்னரை எடுத்துப் பொருத்திவிட்டு, மிச்சத்தை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகின்றனர். மீட்பு என்று பெயர் பெற்ற இச்செயலும் கூட்டுதலே. சொந்தத்துக்குள் பெண் எடுப்பதற்கும் காதல் திருமணத்துக்கும் உள்ள வேறுபாடுதான் இரு கட்சிகளுக்கும் இடையே உள்ளது. செலவுக் கணக்கில் பார்த்தால் சொந்தத்தில் முடிப்பதே அதிகம் என்பதையும், கட்டிலுக்கு அடியில் இடம் குறைந்துகொண்டே வருவதையும் இக்கட்டுரையாளர் தம் இல்லத்தார் வாயிலாக அடிக்கடி கேட்டு அறிந்திருக்கிறார்.

இரு கட்சியாரின் கைவேலையையும் அருகிலிருந்து காண்பதற்குத் தோல் வாஷரைவிடச் சிறந்த இடம் இல்லை. பம்ப்புக் கம்பியின் முனையில் கிண்ண வடிவில் கவிழ்ந்திருக்கும் இந்தத் தோல் வட்டம், உருளையின் சுவரை இறுகப் பற்றிக் காற்றைத் தொட்டிக்குள் தள்ளுகிறது. ஆண்டுக்கணக்கில் பரணில் கிடந்த தோல் காய்ந்து சுருங்கிவிடுவதால் கம்பி எந்த எதிர்ப்பும் இன்றி உள்ளே போய் வரும். இதைத்தான் ‘பம்ப்பு பிடிக்கவில்லை’ என்பர். மீட்புக் கட்சியினர் அந்தத் தோலை வெளியே எடுத்துத் தேங்காயெண்ணெயில் ஊறவிட்டு, அதன் விளிம்பைக் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றி விரித்துக்கொடுத்து, மீண்டும் ஊறவிட்டு, அது பிழைக்குமா என்று காத்திருப்பர். கூட்டுக் கட்சியினரோ சைக்கிள் கடையில் காற்றடிக்கும் பம்ப்பின் வாஷரை வாங்கி, விளிம்பைச் சற்றே சீவி மாட்டிவிட்டு, முன்னவர் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை மூடும் முன்பே டீ போட்டு முடித்திருப்பர்.

ஆயினும் கூட்டுக் கட்சிக்கும் ஓர் எல்லை உண்டு. அதில் விளையாட்டுக்கு இடமில்லை. அடிப்புறம் அரித்துப்போய் ஈயம் வைத்து அடைக்கப்பட்ட தொட்டியும், மரை தேய்ந்த மூடியும், தொட்டியின் எண்ணெய் பம்ப்புக்குள் திரும்பிவிடாமல் காக்கும் வால்வு கெட்ட பம்ப்பும் எந்தக் கட்சியின் கொள்கையாலும் காப்பாற்றத் தக்கவை அல்ல. அழுத்தத்தின் தன்மையை நெய்வேலிக்காரருக்கு விளக்கவும் வேண்டாம். இவ்வூரில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே உள்ள ஆர்ட்டீசியன் நீர், அதாவது பாறை அடுக்குகளுக்கு இடையே அடைபட்டு மேல்நோக்கித் திமிறும் நிலத்தடி நீர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தம் தருவதால், அதை இரவு பகலாக இறைத்துக் குறைத்தால்தான் சுரங்கத்தின் தரை தரையாக இருக்கும். ஊருக்கு அடியிலேயே அழுத்தத்தை வெளியேற்றும் காற்றுத் திருகு இல்லாத தொட்டி ஒன்று இருக்க, அதன் மேல் குடியிருந்தவர்கள் வீட்டு ஸ்டவ்வின் திருகை இறுக மூட மறப்பதில்லை.

நெய்வேலியில் இந்த வழக்கு மற்ற ஊர்களில் இல்லாத ஒரு சுவையைப் பெறுகிறது. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டபின், மண்ணை வெட்டிய பெருஞ்சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன; 1962இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் சோவியத் ஒத்துழைப்போடு எழுந்தது; நிலக்கரியும் வியர்வையும் உள்ளூருடையவை. ஆறு 50 மெகாவாட் அலகுகளோடும் மூன்று 100 மெகாவாட் அலகுகளோடும் 600 மெகாவாட்டை எட்டிய அந்த நிலையம் 2020இல் ஓய்வு பெறும்வரை, ஜெர்மன் இயந்திரம் வெட்டிய கரி சோவியத் கொதிகலனில் எரிவதை இடைச்செருகல் என்று எவரும் கண்டித்ததாகத் தெரியவில்லை. அங்கே பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டுக்கு வந்ததும் ‘கம்பெனி பர்னர்தான் வேண்டும்’ என்று அடம்பிடிப்பது ஆராய்ச்சிக்கு உரிய முரண்.

போதாக்குறைக்கு, மண்ணெண்ணெய் ஸ்டவ்வே இவ்வூருக்கு விருந்தாளிதான். பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, கட்டிகளாக அழுத்தி, கரியாக்கிச் செய்யப்பட்ட புகை குறைந்த எரிபொருளான லெகோ, இவ்வூரிலேயே செய்யப்பட்டு வீடுகளிலும் டீக்கடைகளிலும் எரிந்த காலம் ஒன்று இருந்தது. லெகோ தயாரிப்பு நின்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. லெகோ அடுப்பை மீட்கும் கட்சி ஏதும் தோன்றாததற்குக் காரணம், இரும்பாலான அதற்குப் பித்தளையின் பளபளப்பு இல்லாமையே எனலாம். மீட்பு ஆர்வம் மெருகேறும் உலோகத்தின் மேல்தான் பிறக்கிறது.

மெருகைப் பற்றிய ஒரு செய்தியில் மட்டும் இக்கட்டுரை நடுநிலை வகிக்க இயலாது. தமிழர் வீட்டுப் பித்தளைச் சாமான்களில் பேர் வெட்டுவது வழக்கம். கூரிய உளியைச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி, புள்ளி புள்ளியாகப் பெயரும் முன்னெழுத்தும் சில நேரம் நாளும் பொறிக்கப்படும். சீராக வந்த ஸ்டவ்வின் தொட்டித் தோளிலும் அப்படி ஒரு பெயர் இருப்பதுண்டு. கடையிலிருந்து வந்த நாளின் நிலையே அசல் என்று கொண்ட மீட்புக் கட்சித் தீவிரவாதி, தொட்டியைப் பஃபிங் சக்கரத்தில் கொடுக்கும்போது, கம்பெனி முத்திரையைக் காக்கக் காட்டும் கவனத்தை அந்தப் புள்ளி எழுத்துகளுக்குக் காட்டுவதில்லை. முத்திரை, ஆயிரக்கணக்கான தொட்டிகளில் உள்ளது. பாட்டியின் பெயர் அந்த ஒரு தொட்டியில் மட்டுமே இருந்தது. ஏட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று எழுத்தை அழித்த பதிப்பாசிரியரைத் தமிழுலகம் மன்னித்திருக்காது.

மீட்கப்பட்ட ஸ்டவ்வைப் பற்றிக் கூற வேண்டிய மற்றொன்று, அது எரிக்கப்படுவதில்லை என்பது. எரித்தால் பர்னர் கறுக்கும், மெருகு மங்கும் என்ற அச்சத்தால் அது கண்ணாடி அலமாரியில் கொலு வீற்றிருக்கிறது. 1897இல் பலூனில் வடதுருவம் நோக்கிப் புறப்பட்டு மறைந்த ஆந்த்ரே குழுவினரின் பிரைமஸ், 1930இல் பனித்தீவு ஒன்றில் கண்டெடுக்கப்பட்டபோது, உள்ளே மண்ணெண்ணெய் மிஞ்சியிருந்ததோடு பம்ப்பும் வேலை செய்தது. அதை எவரும் மீட்கவுமில்லை, கூட்டவுமில்லை, சும்மா விட்டிருந்தார்கள். நெய்வேலிக்கு அருகில் வடலூரில், வள்ளலார் 1867 மே 23 அன்று தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. விறகும் பாத்திரமும் சமைப்போரும் எத்தனையோ முறை மாறிவிட்டதைக் காட்டி அந்த அடுப்பின் அசல்தன்மையை ஐயுற்றவர் எவருமில்லை; பந்தியில் உட்கார்ந்தவருக்கு அந்த ஐயம் எழ நேரமும் இல்லை.

ஆகவே வழக்கு கூட்டுக் கட்சியின் பக்கம் சாய்கிறது. ஆனால் அவர்கள் வெற்றி விழா கொண்டாடுவதற்கு வேண்டிய மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. வீட்டில் இரண்டு சிலிண்டர் வைத்திருப்போரின் குடும்ப அட்டைக்கு ரேஷன் கடை கிருஷ்ணாயில் தராது. நகரியத்தில் இரண்டு சிலிண்டர் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. வட்ட வழங்கல் அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுவதென்றால் அதில் இரு கட்சியாரும் சேர்ந்தே கையெழுத்திட அணியமாக உள்ளனர். தேவைக்கான காரணம் என்ற இடத்தில் ‘சமையல்’ என்று எழுதுவதா ‘ஆராய்ச்சி’ என்று எழுதுவதா என்பதில்தான் பேச்சு நின்றுபோயிருக்கிறது.