துணைக்கால்

எங்கள் அப்பாவின் அகராதியில் மன்னிக்க முடியாத குற்றம் ஒன்றே ஒன்றுதான்: எழுத்து போட்ட பிறகு தியேட்டருக்குள் நுழைவது. மயிலாப்பூர் காமதேனுவில் படம் பார்த்த காலத்தில், டிக்கெட் கிழிப்பவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எழுத்து போட்டாச்சா?" போட்டாச்சு என்று பதில் வந்தால் முகம் சுண்டிவிடும். ஒப்பனை யார், ஒலிப்பதிவு யார், ஸ்டில்ஸ் யார் என்று தெரியாமல் ஒரு கதையை எப்படி நம்புவது என்பது அவர் கட்சி. ஜெமினி பையன்கள் இருவரும் குழலை எடுத்து ஊதுவதைக் கண்ணால் பார்க்காவிட்டால் அது வாசன் படமே இல்லை.

தாத்தாவின் ரத்தம் என்னைத் தாண்டி என் மகளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. விஸ்காம் மூன்றாம் வருஷம்.

"அப்பா, ஃபைனல் அசைன்மென்ட் டைட்டில் சீக்வென்ஸ். ரெண்டு நிமிஷம். ஒரு செகண்ட் கூடப் போகக் கூடாது."

"படம் எவ்வளவு நேரம்?"

"படம் கிடையாதுப்பா. டைட்டில் மட்டும்தான்."

இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் ஊறுகாயும் வைத்துவிட்டு, "போய்ட்டு வாங்க" என்று கைகூப்புகிற கல்யாணத்தை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேளச்சேரி வீட்டு ஹாலில் யூனிட் கூடியது. ஐந்து பேர். டைரக்டர் ஒரு பெண். கேமராவுக்கு ஒரு தம்பி, எடிட்டிங்குக்கு ஒரு தம்பி, பேசாமலே இருந்த ஒரு மியூசிக் தம்பி. என் மகள் ஆர்ட் டைரக்‌ஷன். அதாவது, யார் வீட்டுச் சாமான் உடைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் துறை. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' மேடையிலிருந்து கார்த்திக் சுப்புராஜும் நலன் குமாரசாமியும் கிளம்பி வந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு டைரக்டர் உண்டு. மிச்சமிருப்பவர்கள் அசோசியேட்.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்த டிஸ்கஷனில் மதியம் வரை நான் கற்றுக்கொண்டவை ஏராளம். 1955-ல் 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' படத்துக்கு சால் பாஸ் என்பவர் டைட்டில் செய்தார். வெள்ளைக் கோடுகள், கடைசியில் கோணலாக ஒரு கை, அவ்வளவே. அதுவரை அமெரிக்கத் தியேட்டர்களில் எழுத்து ஓடும்போது திரைச்சீலையைக்கூட விலக்க மாட்டார்களாம். இந்தப் படத்துக்கு, எழுத்து போடுமுன்பே சீலையை விலக்கவும் என்று ஆபரேட்டர்களுக்குச் சீட்டு எழுதி அனுப்ப வேண்டியிருந்ததாம். எங்கள் அப்பா அமெரிக்காவில் பிறந்திருந்தால் அந்தச் சீட்டுக்கு அவசியமே வந்திருக்காது.

டைரக்டர் பெண் சத்யஜித் ராயிடம் போனாள். "சாருலதா, 1964, அங்கிள். அவ ஒரு கைக்குட்டையில 'பி'ன்னு எழுத்துத் தையல் போட்டுக்கிட்டே இருப்பா. அது மேலயே டைட்டில் ஓடும். புருஷன் பேரு பூபதி. மொத்தக் கதையும் அந்தத் தையல்லயே இருக்கு."

சமையலறையிலிருந்து என் மனைவி, "நான்கூட ஒரு தலையணை உறை போட்டேன், உங்க அங்கிள் பேர்ல. எண்ணெய் வச்ச தலையோட படுத்துப் படுத்தே எழுத்தை அழிச்சிட்டாரு" என்றாள். எங்கள் மொத்தக் கதையும் அந்த உறையில் இருந்திருக்கிறது.

என் பங்குக்கு 1992-ல் வந்த 'அண்ணாமலை'யை எடுத்துவிட்டேன். இருட்டில் புள்ளி புள்ளியாகக் கிளம்பி வந்து சூப்பர் ஸ்டார் என்று எழுத்துக் கூடும். பின்னால் தேவாவின் கோஷம். முப்பது வருஷத்துக்கு மேலாகியும் தியேட்டர் எழுந்து நிற்கிறதே, இதைவிட என்ன டைட்டில் வேண்டும்? ஒரு நிமிஷம் மௌனம். "செம அங்கிள். ஆனா இது வேற மூடு" என்றது யூனிட்.

அந்த மூடு எங்கள் ஹால் சுவரிலேயே இருந்தது. 2015 டிசம்பர் தொடக்கத்தில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததே, அப்போது வீட்டுக்குள் தண்ணீர் வந்து நின்ற இடத்தில் தானாக விழுந்த கோடு, இடுப்புக்குச் சற்று மேலே. பிறகு இரண்டு முறை பெயின்ட் அடித்தோம். இரண்டு முறையும் அந்த ஒரு சாண் இடத்தை விட்டுவிடச் சொன்னேன். தண்டீசுவரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு இது. வருகிறவர்களுக்கெல்லாம் காபி ஆறும் வரை விளக்கம் சொல்வேன்.

டைரக்டர் அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். "படத்தோட பேரு 'நீர்மட்டம்'" என்றாள். அதன்பிறகு எல்லாம் மடமடவென்று நடந்தது. தண்ணீர் ஏறும். கணுக்கால் உயரத்தில் கலை, முழங்காலில் இசை, இடுப்பில் படத்தொகுப்பு, நெஞ்சில் ஒளிப்பதிவு, கழுத்தில் இயக்கம். ஒவ்வொரு பெயராக மூழ்கும்.

"தயாரிப்பாளர் பேரு எங்கே?" என்று கேட்டேன். என் பர்ஸ் மேஜைமேல் திறந்துதான் கிடந்தது.

"அவர் முதல்லயே முழுகிடுவாரு அங்கிள்."

ஒரே ஒரு சிக்கல். அசைன்மென்ட் ஏப்ரலில். வேளச்சேரியில் வெள்ளம் வேண்டுமென்றால் டிசம்பரில் கேட்க வேண்டும், வாசலுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகும். 2023-ல் மிக்ஜாம் புயல் அப்படித்தான் கொடுத்தது. இப்போதெல்லாம் கனமழை என்று அறிவிப்பு வந்தாலே எங்கள் பேட்டைக் கார்கள் மேம்பாலத்தில் ஏறி வரிசையாக நின்றுவிடுகின்றன. ஏப்ரலில் அதே வேளச்சேரியில் தண்ணீர் என்பது லாரியில் வரும் சரக்கு. 12,000 லிட்டர் வண்டிக்குச் சொல்லிவிட்டு மூன்று நாளாகக் காத்திருக்கும் குடியிருப்பில், வெள்ளம் எடுக்க ஒரு ஆயிரம் லிட்டர் வேண்டும் என்று சங்கச் செயலாளரிடம் போய் நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், போன மழைக்குத் தண்ணியை வெளியேத்த மோட்டார் வேணும்னு லெட்டர் குடுத்தது நீங்கதானே?"

ஆகவே வெள்ளத்தை மீன்தொட்டிக்குள் எடுப்பது என்று முடிவாயிற்று. மாடிவீட்டிலிருந்து தொட்டி வந்தது. அதன் நிரந்தரவாசிகள் ஏழு பேரும் எங்கள் கல்யாணச் சீர் அண்டாவுக்கு மாற்றலானார்கள். வெள்ளத் தண்ணீரின் நிறத்துக்கு என்ன செய்வது? மண்ணைக் கரைத்தால் அடியில் தங்கிவிடுகிறது. கேமரா தம்பிதான் கண்டுபிடித்தான்: டிகாக்‌ஷன். அதுவும் முதல் டிகாக்‌ஷன். இரண்டாவது, 'சாதாரண மழைத் தண்ணி மாதிரி' இருந்ததாம். இரண்டு நாள் வீட்டில் டீதான்.

பெயர்களைத் தெர்மாகோலில் வெட்டித் தொட்டிக்குள் பசை போட்டு ஒட்டினார்கள். தண்ணீர் ஏறியது. பசை கரைந்தது. மூழ்க வேண்டிய பெயர்கள் ஒவ்வொன்றாகக் கழன்று மேலே வந்து மிதந்தன. 2017-ல் வைகை அணையில் தெர்மாகோலைப் பரப்பியபோது ஊரோடு சேர்ந்து நானும் சிரித்தவன். அங்கே அது மிதந்து கொண்டிருக்க வேண்டும், கரை ஒதுங்கியது. இங்கே அது மூழ்க வேண்டும், மிதக்கிறது. தெர்மாகோலுக்கு நம் மாநிலத்தின் மேல் ஏதோ தீராத வருத்தம் இருக்கிறது.

நாலு மணி நேரம் யூனிட் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. துடைப்பத்தோடு வந்த என் மனைவி, "எழுத்தைக் கண்ணாடிக்கு வெளியில ஒட்டினா என்ன?" என்று கேட்டுவிட்டுப் பெருக்கிக்கொண்டே போய்விட்டாள். அடுத்த அரை மணியில் ஷாட் ஓகே.

கிரைண்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வீட்டில் இன்னும் கோபம் தணியவில்லை. 1958-ல் 'வெர்டிகோ' டைட்டிலில் வரும் சுருள்களை, உலகப் போரில் விமானத்தைக் குறிபார்க்கச் செய்த கருவி ஒன்றைப் பிடித்து ஜான் விட்னி வரைந்தாராம். எங்களுக்குக் கிடைத்த போர்க்கருவி டேபிள் டாப் கிரைண்டர். அதன்மேல் தாம்பாளத்தில் தண்ணீர் வைத்துச் சுழலவிட்டார்கள். சமையலறைச் சுவரில் இப்போது இரண்டாவதாக ஒரு நீர்மட்டக் கோடு இருக்கிறது.

என்னை ஏன் இதில் இழுத்தார்கள் என்று கேட்பீர்கள். பெயர்களுக்கு நடுவில் ஒரு ஜோடிக் கால் வேண்டும். வேலை முடிந்து ரயிலில் வந்து இறங்குகிறவர், வறண்ட தெருவில் நடந்து, வீட்டு வாசலில் கால் வைக்கிறார், தண்ணீர். "2015 வெள்ளத்துல நிஜமாவே நடந்த கால் அங்கிள், இதுதான் ஒரிஜினல்" என்றாள் டைரக்டர். இத்தனை வருஷத்தில் என் உடம்பின் எந்தப் பாகத்தையும் யாரும் இப்படிப் புகழ்ந்ததில்லை. ராத்திரி பாதங்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுத்தேன்.

வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையம் 2007-ல் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தக் கட்டடத்தில் நின்றால், ரயிலுக்காகக் கட்டினார்களா, எதிரொலிக்காகக் கட்டினார்களா என்று சந்தேகம் வரும். அவ்வளவு பெரிசு. பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு படிக்கட்டில் இறங்கினேன். ஏறினேன். இறங்கினேன். கேமரா தம்பி கீழ்ப்படியில் குப்புறப் படுத்திருந்தான். "அங்கிள், நடிக்காதீங்க. நடங்க." நாலாவது டேக்கில் காய்கறிப் பையோடு வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "என்ன சார், செருப்பு விளம்பரமா?" என்றார். ஏழாவது டேக்கில் சீருடை அணிந்த ஒருவர் வந்து, "பர்மிஷன் இருக்கா?" என்றார். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தயாரிப்பாளர் முதலில் மூழ்குவார் என்பதன் பொருள் அப்போதுதான் முழுசாக விளங்கியது. தப்பு எங்கள் பேரில்தான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மிச்ச டேக்குகளை எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் எடுத்தோம். அங்கே ஒன்பதாவது டேக்கில் வலது கால் பிசகிக் கட்டைவிரலில் கட்டுப் போடும்படி ஆயிற்று. கன்டினியூட்டி கெட்டுவிடக் கூடாதே என்று அதன்பிறகு வலது காலுக்கு மட்டும் கேமரா தம்பி டூப் போட்டான்.

ஷூட்டிங் முடிந்து பூசணிக்காய் உடைத்தோம். இனி எழுத்து போட வேண்டியதுதான் பாக்கி என்று நிம்மதியாக இருந்தேன். அங்கேதான் இருந்தது வில்லங்கம்.

மூழ்கும் பெயர்கள் சரி. படத்தின் பெயரும் நன்றி கார்டும் எழுத்து எழுத்தாகப் பறந்து வந்து சேர வேண்டும் என்று எடிட்டர் தம்பிக்கு ஆசை. ஆங்கிலத்தில் இது ஒரு பொத்தான் வேலை. அவர்களுக்கு இருபத்தாறு எழுத்தும் தனித்தனிக் குடித்தனம். நம்முடையது கூட்டுக்குடும்பம். 'தொ' என்பது நமக்கு ஒரே எழுத்து. முன்னால் கொம்பு, நடுவில் த, பின்னால் துணைக்கால், மூன்றும் சேர்ந்துதான் சம்சாரம். அந்த சாஃப்ட்வேர் குடும்பத்தைப் பிரித்துவிட்டது. 'நன்றி: கல்லூரி நண்பர்கள், தொட்டி கொடுத்தவர்கள்' என்று அடித்தால் கொம்பு ஒரு மூலையில், புள்ளி வட்டம் ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டு நின்றது. 'நீர்மட்டம்' முதலில் 'நரமடடம' என்று வந்தது. சுழி அடுத்து வந்தது. மூன்று புள்ளிகளும் ரயிலைத் தவறவிட்டவர்கள் மாதிரி கடைசியில் மூச்சிரைக்க ஓடி வந்தன. சூப்பர் ஸ்டாருக்குச் சொன்னபடி கேட்ட புள்ளிகள் எங்களுக்குக் கேட்கவில்லை.

பாமினி எழுத்துருவில் அடித்தால் உடையாது. அது ஆங்கில எழுத்தின் வேஷத்தில் திரியும் தமிழ். ஆனால் ஜெராக்ஸ் கடை போர்டு மாதிரி இருக்கிறது என்று டைரக்டர் மறுத்துவிட்டாள். 1995-ல் 'செவன்' படத்துக்குக் கைல் கூப்பர் குழு எழுத்துகளைக் கையாலேயே கீறியதாக அவர்களே எனக்குச் சொல்லியிருந்தார்கள். நாமும் கையால் எழுதினால் என்ன? 'நீர்மட்டம்' என்று கரித்துண்டால் ஒரு தாளில் எழுதி, அதைப் படமாக எடுத்துச் சேர்த்தோம். நன்றி கார்டில் மட்டும் ஒவ்வொரு கொம்பாகப் பிடித்து, துணைக்காலாகப் பிடித்து, இராத்திரி மூன்று மணி வரை இடம் சேர்த்தான் எடிட்டர்.

"துணைக்கால்னா என்னடா?" என்று மியூசிக் தம்பி முதன்முதலாக வாயைத் திறந்தான்.

"தனியா அர்த்தம் கிடையாது. இன்னொரு எழுத்து பக்கத்துல சும்மா நிக்கும். ஆனா இல்லன்னா தப்பாயிடும்."

எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். "அங்கிள், உங்க கேரக்டருக்குப் பேரு கிடைச்சிடுச்சு" என்றாள் டைரக்டர். துணை நடிகர் என்று கேட்டிருக்கிறேன். துணைக்கால் தமிழ் சினிமாவில் நான்தான் முதல் என்று நினைக்கிறேன்.

கல்லூரியில் திரையிடும் நாள் வந்தது. பெற்றோரும் வரலாம். நான் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பி, விஜயநகர் சிக்னலில் மாட்டி, வண்டி நிறுத்த இடம் தேடி, நொண்டிக்கொண்டே மாடியேறி, வாசலில் நின்ற மாணவனிடம் கேட்டேன்.

"தம்பி, எழுத்து போட்டாச்சா?"

"போட்டு முடிச்சாச்சு சார்."

எழுத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாத படத்துக்கு எழுத்து போட்ட பிறகு போய்ச் சேர்ந்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மேலேயிருந்து அப்பா பார்த்திருந்தால் என்னைப் பிள்ளை இல்லை என்று எழுதிக்கொடுத்திருப்பார்.

வீட்டுக்கு வந்து டிவியில் போட்டுப் பார்த்தோம். நன்றாகவே இருந்தது. மகள் என்பதால் சொல்லவில்லை. டிகாக்‌ஷன் வெள்ளத்தைப் பார்த்து மாடிவீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நன்றி கார்டின் கடைசி வரி என்னுடையது. எழுத்து எழுத்தாக வந்துகொண்டிருக்கும்போதே திரை இருண்டுவிட்டது. இரண்டு நிமிஷம் ஆகிவிட்டதாம். ஒரு செகண்ட் கூடப் போகக் கூடாதே.

ஆகவே, எங்காவது ஒரு போட்டியில், ஒரு விழாவில், 'நீர்மட்டம்' உங்கள் கண்ணில் பட்டால் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் தண்ணீருக்குள் இறங்கும் கால்களில் இடது கால் மட்டுமே என்னுடையது. கடைசியில் 'நன்றி: அப்ப' என்று வரும் இடத்தில், தயவுசெய்து நீங்களே ஒரு துணைக்கால் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.