நாலாவது ஆளை எங்கே போடுவது?

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் அடுத்த ஆண்டு யாருக்கு எந்த விடுதி அறை என்பதை ஒரு குலுக்கல் முடிவு செய்கிறது. விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அடிப்படை பெரும்பாலும் ஒன்றுதான். கடைசி ஆண்டு மாணவர்களுக்கு முதல் உரிமை, இளையவர்கள் பின்னால். ஒரே ஆண்டு மாணவர்களுக்குள் யார் முந்தி என்பதைக் கணினி தரும் எண் சொல்லும். எண் வெளியான அன்றே நட்புகள் மறுபரிசீலனைக்கு வந்துவிடும். 12-ஆம் எண் வாங்கியவர் அன்றைக்குத் தனியாக உட்கார்ந்து சாப்பிட முடியாது. 812 வாங்கியவருக்கு மேசையில் இடம் தாராளமாகக் கிடைக்கும்.

சிங்கிள், டபுள், நாலைந்து பேர் ஒரு கூடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் சூட் ஆகியவை வழக்கமான வகைகள். கட்டில் எங்கும் ஏறத்தாழ ஒரே அளவு: 38 அங்குல அகலம், 80 அங்குல நீளம். அந்த வகையில் கவலையில்லை. அடிபிடி எல்லாம் குளியலறையோடு கூடிய சூட்டுக்குத்தான். நடைவழியில் உள்ள பொதுக் குளியலறையைத் துப்புரவுப் பணியாளர் கழுவிவிட்டுப் போவார். சூட்டுக்குள் இருப்பதைப் பல இடங்களில் குடியிருப்பவர்களே கழுவ வேண்டும். செப்டம்பரில் யார் எந்த வாரம் என்று ஒரு பட்டியல் கதவில் ஒட்டப்படும். அக்டோபரில் தண்ணீர் போகும் வழியை அடைத்திருக்கும் முடி யாருடையது என்ற விசாரணை தொடங்கும். மொட்டைத் தலையரைத் தவிர எல்லோரும் சந்தேகத்துக்குரியவர்களே.

தன் முறை வந்ததும் மிச்சமிருப்பதில் பிடித்ததை எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்குப் பொருளியலார் வைத்த பெயர் ‘தொடர் சர்வாதிகாரம்’. ஓரிரு நிமிட ஆட்சிதான் என்றாலும் ஒரு நல்ல குணம் இதற்கு உண்டு: தந்திரம் செய்து ஆதாயம் பார்க்க முடியாது. பிடித்ததைப் பிடித்தது என்று சொல்வதே லாபம். இது நிரூபிக்கப்பட்ட விஷயம். மாணவர்கள்தான் இன்னும் நம்பாமல் வியூகம் வகுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏற்கெனவே குடியிருப்பவரால்தான் சிக்கல். பல கல்லூரிகளில் அவர் பழைய அறையையே வைத்துக்கொள்ளலாம். குலுக்கலுக்கு வருவதானால் அதை விட்டுவிட வேண்டும். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று ஆகிவிடுமோ எனப் பயந்து, ஒழுகும் ஜன்னலோடு அவர் அங்கேயே கிடப்பார். துருக்கியப் பொருளியலாளர்கள் அட்டிலா அப்துல்காதிரோலுவும் தைஃபுன் சோன்மெஸும் 1999-இல் இதற்கு வழி சொன்னார்கள்: என் அறையைக் கேட்கிறாயா, உன் முறையை எனக்குக் கொடு. கேட்டவருக்கு முன்னால் குடியிருப்பவர் வரிசையில் நுழைவார். இதைவிட நல்லது கிடைத்தால் போவார்; இல்லாவிட்டால் இருந்த இடத்தில் இருப்பார். யாருக்கும் நஷ்டமில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகம் விடுதியைத் தேர்ந்தெடுக்கும் வேலையையே எடுத்துவிட்டது. முதலாண்டு மாணவர்கள் அதிகபட்சம் எட்டுப் பேர் கொண்ட குழுவாகப் பெயர் கொடுக்கலாம். 12 விடுதிகளில் எது என்பது 1996 முதல் முழுக்க அதிர்ஷ்டம். ஒன்பது சார்லஸ் ஆற்றுப் பக்கம், மூன்று சுமார் ஒரு மைல் தள்ளி. அந்த மூன்றில் விழாமலிருக்க, முடிவு வெளியாவதற்கு முந்தைய இரவு ஆற்றில் காகிதப் படகைக் கொளுத்தி விடுதித் தெய்வங்களை வேண்டிக்கொள்ளும் பழக்கம் உலகின் மிகப் பணக்காரப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. காலையில் மூத்த மாணவர்கள் ஆரவாரத்தோடு வந்து கதவைத் தட்டுவார்கள். விடுதிச் சின்னங்களின் வேடங்களும் கூட வரும். பெங்குவினோ முயலோ என்றால் ஆற்றங்கரை; பனிக்கரடி என்றால் தினமும் ஒரு மைல் நடை.

ஆனால் அந்த எட்டுப் பேர் யார் என்பதை எந்தக் குலுக்கலும் சொல்லாது. டேவிட் கேலும் லாயிட் ஷேப்லியும் 1962-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது. நாலு பையன்கள், இருவருக்கு ஓர் அறை. முதலாமவனுக்கு இரண்டாமவன் வேண்டும், இரண்டாமவனுக்கு மூன்றாமவன், மூன்றாமவனுக்கு முதலாமவன். நாலாமவன் எல்லோருக்கும் கடைசி. எப்படி ஜோடி சேர்த்தாலும் நிற்காது: நாலாமவனிடம் மாட்டியவன் தன்னை விரும்பும் ஒருவனைக் கூப்பிடுவான், அவனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். மறுபடி ஒருவன் நாலாமவனிடம் மாட்டுவான். அறைகளுக்கு எப்போதும் விடை சொல்லும் கணிதம், அறைத் தோழர்கள் விஷயத்தில் சில சமயம் கையை விரித்துவிடுகிறது. நாலாமவன் செய்த குற்றம் என்ன என்பது கட்டுரையில் இல்லை. ஐந்து முறை அலாரத்தை அணைத்துவிட்டு ஆறாவது முறையும் தூங்குகிறவனாக இருக்கலாம்.

குலுக்கல் கைவிட்டவர்கள் வெளியே வீடு பார்ப்பார்கள். கல்லூரிக்கு ஒன்பது மாதம். வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 12 மாதம். கோடைக்கு உள்வாடகை ஆள் தேடினால், ஊரிலுள்ள மாணவர்கள் எல்லோரும் அதே ஆளைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள். காத்திருப்போர் பட்டியலில் பொறுமையாக இருப்பவருக்கு ஆகஸ்டில் இடம் கிடைப்பது உண்டு. யாராவது வேறு கல்லூரிக்கு மாறுவார், யாராவது ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்கப் போவார். அப்படிக் காலியாவது பல சமயம் டபுளில் ஒரு கட்டில். அது ஏன் காலியானது என்று விடுதி அலுவலகத்தின் மின்னஞ்சலில் இருக்காது.