நயாகராவை எந்தக் கரையிலிருந்து பார்ப்பது?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் நயாகராவுக்கு அழைத்துப்போகிறான். அமெரிக்கப் பக்கமே போதுமா, கனடா பக்கமும் போக வேண்டுமா?

பதில்: கண்ணுக்குக் கனடா, உடம்புக்கு அமெரிக்கா! மூன்று அருவிகளில் இரண்டு முழுக்க அமெரிக்க மண்ணில் விழுகின்றன. ஆனால் அவை முகம் காட்டுவதோ கனடாவுக்கு. மூன்றாவதான குதிரைலாட அருவியின் முழு வளைவும் அங்கிருந்துதான் கண்ணில் அடங்கும். நனைய வேண்டுமா? அமெரிக்கப் பக்கம் கோட் தீவிலிருந்து லிப்டில் இறங்குங்கள். மரப்படிகளில் ஏறி மேல்தளத்தில் நின்றால், சில அடி தூரத்தில் தண்ணீர் இடிபோல விழும். மழைக்கோட்டெல்லாம் பெயருக்குத்தான், உள்சட்டைவரை நனைந்துவிடும். அந்தச் சுகத்தை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. இந்த அருவிக்கும் வேலை நேரம் உண்டு! 1950-ல் இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தப்படி, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பகலில் விநாடிக்கு குறைந்தது 1 லட்சம் கன அடி தண்ணீர் அருவியில் விழ வேண்டும். பின்னிரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி விட்டாலே போதும். மிச்சத்தை இரு கரை மின்நிலையங்களும் எடுத்துக்கொள்ளலாம். அழகையும் மின்சாரத்தையும் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொண்ட அந்த இரு நாடுகளுக்கும் ஒரு கும்பிடு.

ஆகவே கோடையில், பகலில் போங்கள். ரெயின்போ பாலத்தில் நடந்தே எல்லையைக் கடக்கலாம். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கனடா விசா தனியாக வேண்டும். திரும்பி வர உங்கள் அமெரிக்க விசா இடம் தருகிறதா என்பதையும் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.