கணக்குக் காட்டாத மாப்பிள்ளைகள்

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் படிக்காமலே மகப்பேறு நிபுணரானவர்கள் ஏராளம். கல்யாணமாகி ஒரு வருஷம் போனால் திண்ணையில் தீர்ப்பு தயார். "ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்பு ரத்தமாம், அதான் வயித்துல ஒரு புழு பூச்சி தங்கல." எதிர்த்திண்ணை உடனே திருத்தும்: "அதில்ல, அவனுது ஓ குரூப்பு. ஓ குரூப்புக்கு வீரியம் கம்மி."

நம் ஜனங்களில் பெரும்பாலோர் ஓ, பி என்ற இரண்டு வகைக்குள்ளேயே அடங்கிவிடுகிறார்கள். திண்ணை சொல்வது மெய்யானால் இந்தத் தாலுக்காவில் பாதிப் பள்ளிக்கூடங்களை எப்போதோ இழுத்து மூடியிருக்க வேண்டும்.

கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-ல் ரத்தத்தை வகை பிரித்ததால், ரத்தம் ஏற்றும்போது ஆள் சாகாமல் பிழைக்க வழி பிறந்தது. மாப்பிள்ளை மானத்தைக் காப்பாற்ற அவர் அதைச் செய்யவில்லை. ரத்த வகைக்கும் ஆண் மலட்டுத்தன்மைக்கும் முடிச்சுப் போட்ட சிறு ஆய்வுகள் சில வந்தன; ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ரத்த வகை மெய்யாகவே முக்கியமாகும் இடம் வேறு. தாய் ஆர்.எச். நெகட்டிவ், பிறந்த பிள்ளை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். இல்லையென்றால் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து. அது கரு தங்கிய பிறகு வருகிற சிக்கல். கரு தங்காததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்த ஊசியைப் பற்றித் திண்ணை வாயே திறக்காது. திண்ணையின் ரத்த விஞ்ஞானத்துக்கு ஒரே வேலைதான்: ஆண்பிள்ளையை லேப் பக்கம் போகவிடாமல் காப்பது.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் விஷயத்தில் ஆணிடமும் குறை இருக்கிறது. ஆனால் ஸ்கேன் அவளுக்கு, கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே அவளுக்கு, கோயில் தரையில் மண்சோறும் அவளுக்கு. ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் தடித்த ஃபைலை மடியில் வைத்துக் காத்திருக்க, அவன் எதிர் டீக்கடையில் தினத்தாள் புரட்டுகிறான். அவன் கொடுக்க வேண்டியது ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் கொஞ்சம் விந்து. கேட்டால், "எனக்கென்ன குறை?" என்று மீசையைத் தடவுகிறான். அதே ஆள் லாட்ஜில் ரூம் போட்டிருக்கும் 'ஆண்மைக்குறைவு' வைத்தியரிடம் ராத்திரியில் போய் லேகியம் வாங்கி வருவான். ஜிம்மில் உடம்பேற்ற ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்வான். அந்த ஊசியே விந்தணுவை வற்றடிக்கும் என்பது வீரனுக்குத் தெரியாது.

ரத்தத்தில்தான் காரணம் தேடுவோம் என்றால் வகையை விடுங்கள். விதைப்பையில் புடைத்துக்கொண்டிருக்கும் ரத்தநாளத்தைப் பாருங்கள். வெரிகோசில் என்பார்கள். ஆண் மலட்டுத்தன்மையில் அடிக்கடி காணப்படுவது, சரிசெய்யவும் கூடியது.

கணக்குக் கேட்பது நம்மூருக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும், உத்திரமேரூர்ச் சுவரில் ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலைச் சட்டம் வெட்டினார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் சித்தி மக்கள், அத்தை மக்கள் வரைக்கும் தடை. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொல்லி மார்தட்டுகிறோம். இந்தச் சட்டத்தை வீட்டுப் பஞ்சாயத்துக்குக் கொண்டுவந்தால் என்ன? விந்தணுக் கணக்கைக் காட்டாத மாப்பிள்ளையும் அவன் பங்காளிகளும் "பையனுக்கு வேற பொண்ணு பாக்கலாம்" என்று கூடிப் பேச முடியாது. இன்றோ, கணக்கே காட்டாதவனுக்கு இரண்டாவது கல்யாணம். வந்தவளுக்கும் தங்கவில்லையென்றால் அவளும் மலடி!

2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருந்து விந்தைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு தடவை பார்ப்பார்கள். புது விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும்; அதனால் ஒரே தடவைக் கணக்கு போதாது. அவள் உடம்பைக் கீறுவதற்கு முன்னால் இந்தப் பரிசோதனையைச் செய்தாக வேண்டும். அந்த டப்பாவைக் கையில் வாங்கக் கூசுகிறவனுக்கு, பெண்டாட்டியை மலடி என்று சொல்ல வாய் இருக்கக் கூடாது.