யாக்கோபுக்கு வயது பார்ப்பது எப்படி?

சண்டே ஸ்கூலில் யாக்கோபு பாடம் எடுக்கப்போகிறவர்களுக்கு முதல் யோசனை: கூட்டல் கழித்தல் பக்கமே போகாதீர்கள். ஆதியாகமத்தை வாசிக்கலாம், பாட்டுப் பாடலாம், படம் காட்டலாம். கணக்குப் போடாதவரைக்கும் பாடம் அழகாகப் போகும். தம்பி அண்ணனை ஏமாற்றுகிறான், வீட்டைவிட்டு ஓடுகிறான், கல்லைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறான், கிணற்றடியில் ஒரு பெண்ணைப் பார்த்து மயங்குகிறான். பிள்ளைகளுக்குக் கலர் அடிக்கக் கொடுக்கும் தாளில் அவனுக்குக் கட்டுமஸ்தான தோள், பக்கத்தில் ஒட்டகம். தாடிக்கு எல்லாரும் கறுப்பு கிரேயானைத்தான் எடுப்பார்கள். சின்ன வயதில் செய்த தப்புக்குப் பிற்காலத்தில் பலன் கிடைக்கும் என்று நீதி சொல்லி, பிஸ்கட் கொடுத்து அனுப்பிவிடலாம்.

கேட்கமாட்டேன், கூட்டித்தான் பார்ப்பேன் என்கிறவர்கள் ஒரு பென்சிலும் இரண்டு அழிரப்பரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைவிட்டு ஓடியபோது யாக்கோபுக்கு என்ன வயது என்று ஆதியாகமம் எங்கேயும் சொல்வதில்லை. அதனால் நேர்வழி கிடையாது, எகிப்தைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். பார்வோன் முன்னால் கனவுக்கு அர்த்தம் சொல்லி நின்றபோது யோசேப்புக்கு 30 வயது. அதற்குப் பிறகு ஏழு வருஷம் நல்ல விளைச்சல். பஞ்சத்தில் இரண்டு வருஷம் கழிந்த பிறகுதான் அண்ணன்மாரிடம் தான் யார் என்று சொல்லி அழுகிறான். ஆகமொத்தம் 39. அதையொட்டி எகிப்துக்கு வந்து சேரும் அப்பாவிடம் பார்வோன் வயது கேட்கிறான். 130 என்கிறார். 130இல் 39 போனால் 91. யோசேப்பு பிறந்தபோது யாக்கோபுக்கு அவ்வளவு வயது. யோசேப்பு பிறந்ததோ, யாக்கோபு ஓடிப்போய்ச் சேர்ந்த மாமன் லாபானின் வீட்டில் அவருடைய இரண்டு பெண்களுக்காக உழைத்த 14 வருஷம் முடிகிற சமயத்தில். 91இல் 14ஐக் கழியுங்கள்.

77.

அழிரப்பர் இதற்குத்தான். அழித்துவிட்டு மறுபடி போட்டாலும் 77தான் வரும். இங்கே தமிழில் பாடம் எடுக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு தனிச் சங்கடம். இதுவரை ‘ஓடினான்’, ‘தூங்கினான்’ என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, எழுபத்தேழு வயதுப் பெரியவரை இனி எப்படி ‘ஓடினான்’ என்பது? ‘ஓடினார்’ என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், நான் ‘ஓடினார்’ என்றே வைத்துக்கொள்கிறேன்.

இப்போது அண்ணனின் ஆசீர்வாதத்தைத் தம்பி தட்டிப்பறிக்கும் அந்த ஆட்டுத்தோல் காட்சிக்குத் திரும்பிப் போங்கள். ஈசாக்குக்கு 60 வயதில் பிறந்தவர்கள் இந்த இரட்டையர். அப்படியானால் கண் தெரியாமல் படுத்திருக்கும் அப்பாவுக்கு 137. அம்மா ரெபெக்காள் இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகளைக் கொண்டுவரச் சொல்லி, வேட்டைக்கறி மாதிரி ருசியாகச் சமைக்கிறாள். குட்டித்தோலைப் பிள்ளையின் கையிலும் மயிரில்லாத கழுத்திலும் சுற்றிவிட்டு, அண்ணனின் நல்ல உடுப்பை எடுத்து உடுத்திவிடுகிறாள். பிள்ளைக்கு வயது 77. சுருக்கம் விழத் தொடங்கிய கழுத்து, அதன்மேல் ஈரம் காயாத தோல். வெளியே வேட்டைக்குப் போயிருக்கும் அண்ணனுக்கும் அதே வயது. 40 வயதில் ஏத்தியர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கட்டி, 37 வருஷமாக அந்த மருமகள்களுக்கு மாமியாரோடு பேச்சுவார்த்தை சரியில்லை. வேட்டையிலிருந்து திரும்பி வந்து ஏமாந்தது தெரிந்ததும், அந்த மனிதர் வாய்விட்டு அலறி அழுகிறார்.

‘சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டான்’ என்று தொடங்கும் நீதி இதோடு கையைவிட்டுப் போய்விட்டது. வகுப்பில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் எழுந்து, யாக்கோபு 147 வயது இருந்தாரே, அந்த விகிதத்தில் 77 என்பது நமக்கு நாற்பது மாதிரிதானே டீச்சர் என்பான். அவனைப் பாராட்டி உட்கார வையுங்கள். நாற்பது வயதுக்காரர் அம்மா கட்டிவிட்ட ஆட்டுத்தோலோடு அப்பா முன்னால் போய் நிற்பது எந்த விகிதத்தில் சரியாகும் என்று அவன் அடுத்த வாரம் யோசித்துக்கொண்டு வரட்டும்.

யூத ரபிமார் இந்தக் கணக்கை நமக்கு வெகுகாலம் முன்பே போட்டுப் பார்த்தவர்கள், அவர்களுக்கு இன்னொரு முடிச்சும் கிடைத்தது. ஆசீர்வாதம் பறிபோன அண்ணன் ஏசா, பெரியப்பா இஸ்மவேலின் வீட்டுக்குப் போய் மகலாத்தைக் கட்டுகிறார். அவளை இஸ்மவேலின் மகள் என்பதோடு விடாமல், நெபாயோத்தின் சகோதரி என்றும் வசனம் சொல்கிறது. ஏன் அண்ணன் பெயர்? நிச்சயம் செய்த அப்பா அதற்குள் இறந்துபோனார், பெண்ணைக் கொடுத்தது அண்ணன் என்பது ரபிமார் பிடித்த நூல். இஸ்மவேல் இறந்தது 137இல். அவர் ஈசாக்கைவிட 14 வயது மூத்தவர். ஆக அன்றைக்கு ஈசாக்குக்கு 123, யாக்கோபுக்கு 63. லாபான் வீட்டுக்கு வந்ததோ 77இல். பெயெர்செபாவிலிருந்து ஆரானுக்கு எழுநூறு கிலோமீட்டருக்குக் குறையாத வழி. ஆரான் இன்று துருக்கியின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. எவ்வளவுதான் மெதுவாக நடந்தாலும் பதினாலு வருஷமா ஆகும்? ஆகாது. ஆகவே நடுவில் யாக்கோபு ஏபேரின் பாடசாலையில் உட்கார்ந்து 14 வருஷம் வேதம் படித்தார் என்று தல்மூதில் எழுதி வைத்தார்கள். கணக்கு உதைத்தால் ஆளைப் படிக்க அனுப்பிவிடுகிற இந்த உத்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேலையில்லாத வருஷங்களை மேற்படிப்பு என்று பயோடேட்டாவில் காட்டுகிற யாருக்கும் பிடிக்கும்.

நாம் ஈசாக்குக்கு 137 என்றே வைத்துக்கொள்வோம். எப்போது சாவேன் என்று தெரியாது, சாகுமுன் ஆசீர்வதித்துவிடுகிறேன் என்று படுக்கையிலிருந்து சொன்ன ஈசாக்கு, 180 வயது வரைக்கும் இருந்தார். அப்படிச் சொன்ன பிறகு 43 வருஷம். பெரியவர்கள் ‘இனிமேல் நான் எத்தனை நாளைக்கு’ என்று தொடங்கினால் உடனே சொத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்று இதிலிருந்து ஒரு நீதி எடுக்கலாம். சபையில் எடுபடும்.

ஆனால் இந்த 43ஐத் தொட்டதும் கதையின் அடுத்த பாதி ஆட்டம் காண ஆரம்பிக்கும். ஈசாக்கின் சாவு 35ஆம் அதிகாரத்தில் வந்துவிடுகிறது. யோசேப்பை இருபது வெள்ளிக்காசுக்கு விற்பது 37இல். அதனால் தாத்தா போன பிறகுதான் பேரன் போனான் என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பென்சிலை எடுங்கள். விற்கப்பட்டபோது யோசேப்புக்கு 17, அப்படியானால் யாக்கோபுக்கு 108, ஈசாக்குக்கு 168. தாத்தா இன்னும் பன்னிரண்டு வருஷம் உயிரோடு இருக்கப்போகிறார். அதுவும் எங்கோ தூரத்தில் இல்லை. அதே எப்ரோனில்.

பலவருண அங்கியை வெள்ளாட்டு ரத்தத்தில் தோய்த்து வீட்டுக்கு அனுப்பிவைத்தபோது, அறுபது சொச்சம் வருஷமாகக் குடும்பத்தில் கண் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவர், வெள்ளாட்டால் தாமே ஒருமுறை ஏமாற்றப்பட்டவர், திண்ணையில் இருந்திருக்க வேண்டும் என்று எழுத எனக்கு ஆசைதான். அறுபது சொச்சமா? 168இல் 137 போனால் 31. பார்த்தீர்களா, ஆசை வந்தால் கணக்கு தப்பும். இரண்டாவது அழிரப்பர் இதற்கு. முப்பத்தொரு வருஷம். தகப்பன் யோசேப்புக்காக அழுதான் என்று வருகிற இடத்தில், அந்தத் தகப்பன் யாக்கோபு இல்லை, யாக்கோபின் தகப்பன் ஈசாக்கு என்று உரை எழுதியவர் 11ஆம் நூற்றாண்டின் ராஷி. பேரன் உயிரோடு இருப்பது ஈசாக்குக்குத் தெரியும், ஆனாலும் மகன் அழுவதைப் பார்த்து அழுதார் என்கிறார்.

யூதாவின் கணக்கை வகுப்பில் தொடவே தொடாதீர்கள். யோசேப்பைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவர். யோசேப்பு விற்கப்பட்டதற்கும் குடும்பம் எகிப்துக்குப் போனதற்கும் நடுவில் 22 வருஷம். அதற்குள் யூதா கல்யாணம் முடித்து, மூன்று பிள்ளைகளை வளர்த்து, இரண்டு பேருக்குத் தாமாரைக் கட்டிவைத்து, அவர்களைப் பறிகொடுத்து, பிறகு தாமாரிடமே பேரேஸைப் பெற்று, பேரேஸுக்கும் எஸ்ரோன், ஆமூல் என்று இரண்டு பேர் பிறந்து எகிப்துப் பட்டியலில் ஏறியாக வேண்டும். யூதாவின் கல்யாணம் யோசேப்பை விற்பதற்கு முன்பே நடந்துவிட்டது என்று உரையாசிரியர் இப்னு எஸ்ரா சமாளித்துப் பார்த்தார். தாமார் கதையைச் சின்ன வகுப்பில் எப்படியும் எடுக்கமாட்டோம், அந்த மட்டும் தப்பித்தோம்.

இவ்வளவு தூரம் வந்தவர்கள் எண்களைக் கொஞ்சம் சும்மா ரசிக்கவும் செய்யலாம். ஈசாக்கின் அப்பா ஆபிரகாமின் ஆயுள் 175 என்பது ஏழு ஐயைந்து. ஈசாக்கின் 180, ஐந்து ஆறாறு. யாக்கோபின் 147, மூன்று ஏழேழு. 7, 5, 5ஐக் கூட்டினால் 17. 5, 6, 6ஐக் கூட்டினாலும், 3, 7, 7ஐக் கூட்டினாலும் அதே 17. அந்த ஐயைந்து, ஆறாறு, ஏழேழு மூன்றையும் கூட்டினால் வருவது யோசேப்பின் 110. எகிப்தியர் நிறைவாழ்வு என்று எண்ணிய வயது. 17 வயது வரை யோசேப்பை யாக்கோபு வைத்துக் காப்பாற்றினார், கடைசி 17 வருஷம் யாக்கோபை எகிப்தில் யோசேப்பு வைத்துக் காப்பாற்றினார். இவையெல்லாம் பிறப்புச் சான்றிதழ் பார்த்து எழுதிய எண்கள் இல்லை, கை தேர்ந்த ஒருவர் கோத்த சரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அயர்லாந்துப் பேராயர் அஷர் இதே வகை எண்களை வைத்துக்கொண்டுதான் உலகம் உண்டானது கி.மு. 4004 அக்டோபரில் என்று 1650இல் தேதி குறித்தார். கூட்டலில் எந்தப் பிழையும் இல்லை பாவம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. முன்வரிசைச் சின்னப்பெண் ஒருத்தி, நீங்கள் போர்டில் எழுதிய 39இலிருந்து 30ஐத் தானாகக் கழித்துவிடுவாள். ஒன்பது வருஷம் எகிப்தில் அவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்த யோசேப்பு, உயிரோடு இருக்கிறேன் என்று அப்பாவுக்கு ஏன் ஒரு ஆள்கூட அனுப்பவில்லை என்று கேட்பாள். இதற்கு உரையாசிரியர்கள் சொன்ன பதில் நிறைய உண்டு; சின்ன வயதில் தான் கண்ட கனவு பலிக்கக் காத்திருந்தான் என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். அவள் முகத்தைப் பார்த்தபடி அதைச் சொல்ல முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் கிரேயான் டப்பாவைத் திறந்து படத்தாளைக் கொடுத்துவிடுங்கள்.

தாளைத் திரும்ப வாங்கும்போது ஒன்று. அங்கி பச்சை, ஒட்டகம் மஞ்சள், யாக்கோபின் தாடி மட்டும் அப்படியே விட்டிருக்கிறதே என்று அவளைக் கேட்டுவிடாதீர்கள். தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளை கிரேயானால் அழுத்தி அழுத்தித் தீட்டியிருக்கிறாள்.