குமிழ்க்காரர்

சிந்தசைசர் வைத்திருப்பவர்களில் வாசிப்பவர்கள் ஒரு ரகம், குமிழ் கழற்றுபவர்கள் ஒரு ரகம். வாசிப்பவர்களைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறது. மற்ற ரகத்துக்காரரை பெர்லினில் ஆண்டுதோறும் நடக்கும் சூப்பர்பூத் கண்காட்சியில் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். எல்லோரும் ஹெட்போன் மாட்டிக் கண்ணை மூடிக் கிறங்கியிருக்க, இவர் மட்டும் ஹெட்போனைத் தொடாமல் ஏதாவது ஒரு குமிழைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்ப்பார். "ஆடுது" என்று முகம் சுளித்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்வார்.

வீட்டில் மினிமூக் வைத்திருக்கிறார். 1970இல் வந்த அந்தக் கருவியை உலகம் அடிவயிற்றை அதிரவைக்கும் பேஸ் ஒலிக்காகக் கொண்டாடுகிறது. இவர் கொண்டாடுவது வெள்ளி நிறத் தகடு பதித்த அதன் கறுப்புக் குமிழ்களை. கொண்டாடுவதால்தான் கழற்றுகிறார்.

கழற்றுவதற்கு முறை உண்டு. பக்கவாட்டில் துளை இருந்தால் உள்ளே பொடித் திருகாணி இருக்கும். ஆலன் கீயால் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். துளை இல்லையென்றால் அழுத்திச் செருகிய குமிழ். நேர் மேலாக இழுக்க வேண்டும். பிளையரை எடுத்து நீட்டினால் இவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். குமிழின் அடியில் ஷூ லேஸைச் சுற்றி, இரு முனையையும் சேர்த்துப் பிடித்து இழுப்பார். அதற்கும் மசியாவிட்டால் பேனல்மேல் துணி விரித்து, இரண்டு பக்கமும் ஸ்பூன் கொடுத்து நெம்புவார். அந்த வீட்டில் சூப் குடிக்க உட்காருபவர்கள் ஸ்பூன் தேடி மாடியேறுவது வழக்கமாகிவிட்டது.

குமிழ் உட்காரும் தண்டு பற்றிப் பேச ஆரம்பித்தாரோ, போச்சு. ஒரு பக்கம் தட்டையான டி வடிவம், முழு உருண்டை, பல் வெட்டியது. 6 மில்லிமீட்டர் விட்டம் ஒன்று, கால் அங்குலம், அதாவது 6.35, இன்னொன்று. இடையிலுள்ள 0.35 மில்லிமீட்டரை வைத்து ஒரு கல்யாண விருந்து முழுக்கப் பேசியிருக்கிறார். பக்கத்து நாற்காலிகள் காலியானது அவர் கண்ணில் படவில்லை.

கழற்றும் முன் எல்லாவற்றையும் இடக்கோடிக்குத் திருப்பி வைப்பார். திரும்ப மாட்டும்போது குமிழின் கோடு சுழியத்தில் நிற்க வேண்டுமே! 18 பல் வெட்டிய தண்டில் ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டால் 20 டிகிரி பொய். அந்தப் பொய்யோடு இவரால் தூங்க முடியாது. (அதைவிடப் பெரிய பொய்களோடு நாமெல்லாம் குறட்டை விடுகிறோம்.) ரப்பர் பூசிய குமிழ்கள் வயதாக ஆகப் பிசுபிசுக்கும், அவற்றை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்க உட்கார்ந்தால் வீடே ஆஸ்பத்திரி வாடை அடிக்கும்.

குமிழ் வெறும் தொப்பிதான். ஒலியை மாற்றுவது அடியிலிருக்கும் பொட்டென்ஷியோமீட்டர். பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு கனமான அலுமினியம் போட்டால் விரலுக்குச் சுகம், நுணுக்கமாகத் திருப்பவும் வரலாம்; சத்தம் இம்மியும் மாறாது. இதை அவரிடம் சொன்னால், "கேட்கத் தெரியணும்" என்பார். கேட்கலாமென்றால் அவர் எதையும் வாசித்ததில்லை.

பணமுடையில் மினிமூக்கை விற்கும்படி ஆயிற்று. அசல் குமிழ் இல்லாவிட்டால் விலை இறங்கும். கழற்றிவைத்த பழைய குமிழ்கள் இருந்த, 'அசல்' என்று எழுதிய பையை எடுத்து, வரிசை பிசகாமல் ஒவ்வொன்றாக மாட்டினார். வாங்க வந்தவர் ஒரு கட்டையைக்கூட அழுத்திப் பார்க்கவில்லை. ஒரு குமிழைப் பிடித்து அசைத்தார். தன் பையிலிருந்து வெர்னியர் அளவியை எடுத்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விலை பேச்சில்லாமல் முடிந்தது.

கிளம்பும்போது வந்தவர் அலமாரியைக் காட்டி, "அந்த டப்பாவுல என்ன வச்சிருக்கீங்க?" என்றார்.

"அது விற்கறதுக்கில்லை" என்று நம்மவர் கதவைத் திறந்துவிட்டார்.