குளோபல்காரர்

எங்கள் தெரு மாவு மில்லில் மிளகாய் அரைபடும்போது யாராலும் பேச முடியாது, தும்மத்தான் முடியும். அந்தத் தும்மல்களுக்கு நடுவிலும் நிற்காமல் பேசக்கூடியவர் மில் முதலாளி ஒருவர்தான். அவர் பேச்சில் நாலு வார்த்தைக்கு ஒரு 'குளோபல்' விழும். இப்படி ஒருவர் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார். ஓர் ஊரில் பள்ளிக்கூடம் நடத்துவார், இன்னோர் ஊரில் மனை விற்பார். எங்கள் விழுப்புரத்துக்கு வாய்த்தவர் மாவு அரைக்கிறார்.

மில்லில் மூன்று மிஷின்கள். அரிசிக்கு ஒன்று, கோதுமைக்கு ஒன்று, காரத்துக்கு ஒன்று. வாடிக்கை மூன்று தெரு. 2015 வரைக்கும் வாசல் பலகையில் அவருடைய குலதெய்வத்தின் பெயர்தான் இருந்தது. அந்த வருஷம் செப்டம்பரில் சென்னையில் குளோபல் இன்வெஸ்டர்ஸ் மீட் நடந்தது. இரண்டு நாளும் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள் பிளெக்ஸ் கடைக்குப் போனார். அம்மனை அடியோடு எடுக்கத் துணிச்சல் வரவில்லை. ஓரத்தில் பொடி எழுத்தில் 'துணை' என்று உட்காரவைத்துவிட்டு, நடுவில் ஒரு முழ உயரத்துக்குக் 'குளோபல்' என்று போட்டுவிட்டார்.

பலகையில் ஒரு பூமி உருண்டையும் உண்டு. பிளெக்ஸ் கடைப் பையன் இன்டர்நெட்டில் முதலில் கிடைத்த படத்தை எடுத்து ஒட்டியிருந்தான். அதில் வட அமெரிக்கா தெரிகிறது, தென் அமெரிக்கா தெரிகிறது. விழுப்புரம் கிடக்கட்டும், இந்தியாவையே காணோம். நான் எடுத்துச் சொன்னபோது அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"நாம பின்பக்கம் இருக்கோம் சார். வேலை எல்லாம் பின்னாடிதான் நடக்கும்."

அவருடைய அகராதியில் அந்தச் சொல்லுக்கு எல்லை கிடையாது. கரண்ட் போனால் குளோபல் பிரச்சினை. மோட்டார் சூடேறினால் குளோபல் வார்மிங். வற்றல் விலை ஏறினால் குளோபல் மார்க்கெட். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூலியை ஏற்றிய அன்று அது குளோபல் ரேட் ஆகிவிட்டது. குளோபல் டெலிவரியும் உண்டு, ஆனால் ரயில்வே கேட் வரைதான். கேட்டுக்கு அந்தப் பக்கம் போக சைக்கிள் பையனுக்கு மனசு வராது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் நாவிக் என்று ஒரு வழிகாட்டி ஏற்பாடு வைத்திருக்கிறது. செயற்கைக்கோள்களை மேலே நிறுத்தி, இந்தியா முழுவதற்கும் எல்லைக்கு அப்பால் 1,500 கிலோமீட்டருக்கும் வழி சொல்வதற்கென்று அமைத்தது. அதற்கு முதலில் வைத்த பெயரில் இருந்ததோ 'ரீஜனல்', அதாவது வட்டாரம். பெயர் வைப்பதற்கு முன்னால் அவர்கள் எங்கள் மில் பக்கம் ஒரு நடை வந்து போயிருக்கலாம்.

'உலகளாவிய' என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறதே என்று ஒருநாள் கேட்டேன். "அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அரைப்படி மிளகாய்த்தூள் வாய்க்குள்ள போயிடும் சார்" என்றார். இதைவிட நல்ல காரணம் எந்த மொழி ஆராய்ச்சியிலும் நான் படித்ததில்லை.

இங்கிலீஷிலேயே அந்தச் சொல் உலகத்தைச் சுற்ற வெகு காலம் பிடித்தது. 17ஆம் நூற்றாண்டில் 'குளோபல்' என்றால் உருண்டையானது, அவ்வளவுதான். உலகம் முழுவதும் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான் ஒட்டிக்கொண்டது. பழைய பொருளை வைத்துப் பார்த்தால், அந்த மில்லில் குளோபல் என்று சொல்லத் தகுந்தது அவருடைய அம்மா பிடிக்கும் பொரிவிளங்காய் உருண்டை ஒன்றுதான். கீழே போட்டால் தரைக்குத்தான் சேதம்.

மகன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். ஒரு லீவுக்கு வந்தவன், "புரோகிராம்ல குளோபல் வேரியபிள் நெறையா வெச்சிட்டேன்னு மேனேஜர் திட்டிட்டார்ப்பா" என்று சொல்ல, இவர் கொதித்துப்போனார். குளோபல் வைத்ததற்கா திட்டுவார்கள்? மகன் பொறுமையாக விளக்கினான். அங்கே குளோபல் என்றால் உலகம் இல்லை, அந்த ஒரு புரோகிராம் முழுக்க. எந்த மூலையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் அதன் மதிப்பை மாற்றலாம், மாற்றியது யார் என்று கண்டுபிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதற்குள் உள்ளேயிருந்து அவன் அம்மா, "பெரிய குடும்பத்துக் கொழம்புக்கு உப்பு போடற கதைதான்" என்றார். மாமியார் ஒரு கை, ஓர்ப்படி ஒரு கை, போகிற போக்கில் நாத்தனார் ஒரு கை. அந்த வீட்டில் விஷயம் முதலில் புரிந்தது அந்த அம்மாவுக்குத்தான்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை. மனிதர் உண்மையிலேயே பெருமையடித்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அங்கே மட்டும் வாயைத் திறப்பதில்லை. சாம்பார்ப் பொடி அரைக்க வரும் தூக்குவாளிக்குள் எட்டிப் பாருங்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் கப்பலேற்றிக் கொண்டுவரும்வரை நமக்குக் காரம் என்றால் மிளகுதான், வந்த காய்க்கும் அந்த மிளகின் பெயரையே வைத்துக்கொண்டோம். கட்டிப் பெருங்காயத்துக்கான பால் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருகிறது. இதைச் சொன்னால் ஒரு மாதத்துக்குப் பேச்சுக்குப் பஞ்சமிருக்காதே என்று ஆசையாகச் சொன்னேன். ஏற இறங்கப் பார்த்தார். "மொளகா குண்டூர்லேந்து வருது சார். லாரிக்காரன் நமக்குத் தெரிஞ்சவன்."

போன தையில் மகனுக்குப் புதுச்சேரியில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், அந்த ஊர்ப் பேச்சில் சொல்தா. வெகு காலம் பிரான்சில் இருந்தவர். வெற்றிலைத்தட்டை நகர்த்திவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"செலவு குளோபலா எவ்ளோ ஆகும் சம்பந்தி?"

நம்மவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இத்தனை வருஷத்தில் தன் பாஷை பேசும் ஒரு மனிதரை முதன்முதலாகப் பார்க்கிறார்.

"குளோபலாவே பண்ணிடலாம் சம்பந்தி!"

"அதான், குளோபலா எவ்ளோன்னு கேக்கறேன்."

"நீங்க கவலையே படாதீங்க. எல்லாமே குளோபல்தான்."

"எல்லாம் சேத்துதான் கேக்கறேன். தொகையைச் சொல்லுங்க."

காப்பி ஆறும்வரை இது ஓடியது. கடைசியில் சம்பந்தியே அவிழ்த்துவிட்டார். பிரெஞ்சில் குளோபல் என்றால் மொத்தமாக, எல்லாவற்றையும் சேர்த்து என்றுதான் பொருளாம். உலகம் முழுவதும் என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு 'மோந்தியால்' என்று வேறு சொல் இருக்கிறதாம். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம், பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டில், மனிதர் வாயே திறக்கவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

அடுத்த வாரம் கோதுமை அரைக்கப் போனேன். ஸ்டூல் மேல் ஏறி நின்று, கையில் டேப்பை வைத்துக்கொண்டு பலகையை அளந்துகொண்டிருந்தார்.

"சார், 'மோந்தியால்'னு எழுதினா எத்தனை எழுத்து வரும்?"